லயத்துக்கு மேலே நிற்கும் டர்பன்டைன் மலையை எப்படி வெட்டுவது?

(டிக்கோயாவில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் எமது சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. பேசியபடியே பெரும்பாலும் விடப்பட்டுள்ளது.)



வாரத்தில் கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். துணி ஊறப்போட்டுவிட்டு வந்த அக்காமாரும் இருப்பீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம் மேட்டு லயத்துக்கு மேலே நிற்கிற ஏழு ஏக்கர் டர்பன்டைனை வெட்டப் போகிறார்கள். மரங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பதை விறகு பொறுக்கப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். தலைவர் ஆபிசில் கேட்டதற்கு, தை மாதம் வெட்டு, அதற்கு முன்னால் டெண்டர் என்று பதில் வந்திருக்கிறது.

போன கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நாம் இரண்டாகப் பிரிந்து நின்றோம். இளைஞர்கள், "ஒரு மரத்தையும் தொட விடக்கூடாது, மலை நம்ம தலையில வந்து விழும்" என்றார்கள். மூத்தவர்கள் சிலர், "வெட்டட்டும் டீச்சர், காத்தடிச்சா ராத்திரி தூங்க முடியல, விறகும் கெடைக்கும்" என்றார்கள். இரண்டு பக்கத்திலும் பயம் இருந்தது, இரண்டிலும் நியாயமும் இருந்தது. ஆனால் வெட்டு, வெட்டாதே என்ற இரண்டு சொல்லோடு நம் பேச்சு நின்றுவிட்டது. எப்படி வெட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அன்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

வெட்டவே கூடாது என்று நாம் நிற்க முடியாது என்பது என் கருத்து. அது இயற்கைக் காடு இல்லை. ஸ்டோருக்கு விறகு வேண்டும் என்று நட்ட மரம். ஒரு கிலோ தேயிலைத் தூள் காய்ந்து வர ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு எரிகிறது. நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, நீங்கள் ஒரு நாளில் 20 கிலோ பறித்தால் அதைக் காயவைக்க ஆறு, எட்டு கிலோ விறகு அடுப்புக்குள் போகிறது. ஸ்டோர் நின்றால் நாமும் நின்றுவிடுவோம். அது ஒரு பக்கம். 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசாங்கம் நிறுத்திய பிறகு, பலகைக்கும் கம்பத்துக்கும் ஊரே நம் தோட்டத்து டர்பன்டைனையும் வீட்டுத் தோட்டத்து மரங்களையும்தான் பார்க்கிறது. 2022இல் கேஸ் இல்லாமல் டவுனில் உள்ளவர்களும் விறகு தேடி அலைந்ததை நாம் பார்த்தோம். இந்த மரத்துக்கு விலை இருக்கிறது. விலை உள்ள மரம் ஒருநாள் வெட்டுப்படத்தான் செய்யும்.

காணி அரசாங்கத்துக்குச் சொந்தம். 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனதிலிருந்து காணி குத்தகையில் இருக்கிறது, மரத்தை வெட்டி விற்பதும் கம்பனிதான். அப்படியானால் இதில் பேச நமக்கு என்ன இருக்கிறது என்று ஒரு தம்பி கேட்டார். தம்பி, மரத்துக்குக் கீழே இருக்கிற மூன்று லயங்களும் பிள்ளை மடுவமும் இருக்கிறது. மரத்துக்கு நடுவிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீர் நம் பீலியில் விழுகிறது. பேச அவ்வளவு போதும்.

இப்போது நான் சின்னப் பிள்ளையாக இருந்த தோட்டத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எங்கள் லயத்துக்குப் பின்னால் இப்படித்தான் ஒரு டர்பன்டைன் மலை இருந்தது. நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது அதை ஒரே மூச்சில் மொட்டையாக வெட்டினார்கள். எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம். கிளை விறகு வீட்டு வாசல் வரைக்கும் குவிந்து கிடந்தது. வெயில் வந்தது, துணி காய்ந்தது. அம்மாவுக்கு மிகச் சந்தோஷம். அடுத்த வருஷ மழையில் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் ஒன்றும் நடக்கவில்லை. பயந்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஆனி மாத மழையில், ஒரு ராத்திரி பீலித் தண்ணீர் சேறாக வந்தது. விடியற்காலையில் பின்பக்கத்துக் குசினிகள் மூன்று மண்ணுக்குள் இருந்தன. என் அத்தை அப்போதுதான் அடுப்பு மூட்ட எழுந்திருந்தார். வாசல் பக்கம் விறகு எடுக்கப் போனதால் பிழைத்தார். அந்த மண்ணுக்கும் ஐந்து வருஷத்துக்கு முன்னால் வெட்டிய மரத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்கள் லயத்தில் ஒருவரும் பேசவில்லை. வெட்டிய கொந்தராத்துக்காரர் எந்த ஊர் என்றுகூட அப்போது யாருக்கும் நினைவில்லை. துரையும் மாறிப் போயிருந்தார். மரம் வெட்டியதால்தான் மண் வந்தது என்று நிரூபிக்க என் கையில் எதுவும் இல்லை. ஆனால் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது அந்த ஐந்து வருஷக் கணக்கோடு பொருந்தி வருகிறது.

சரிவில் நிற்கிற மரத்தின் வேர், மண்ணுக்குள் கயிறு மாதிரி. மேல் மண்ணை அடி மண்ணோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது. மரத்தை வெட்டிய அன்றைக்கே அந்தக் கயிறு அறுந்துவிடாது. வேர் செத்து, மெல்ல மெல்ல உக்கும். மூன்று நாலு வருஷத்தில் அதன் பலம் பெரும்பாலும் போய்விடும். புதிதாக நட்ட கன்றின் வேர் அந்த இடத்தைப் பிடிக்கப் பத்து வருஷமாவது ஆகும். ஜப்பான், நியூசிலாந்து, அமெரிக்கா என்று மலைச்சரிவில் மரம் வெட்டுகிற நாடுகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மொட்டையாக வெட்டிய சரிவுகளில் மூன்றாம் வருஷத்திலிருந்து பத்துப் பதினைந்து வருஷம் வரைக்கும்தான் மண்சரிவு கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே, வெட்டி இரண்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை என்று யாராவது சொன்னால், அது நமக்கு ஆறுதல் தரக்கூடாது. பழைய வேர் உக்கிப் புதிய வேர் பிடிக்காத அந்த இடைவெளிதான் நம்முடைய ஆபத்து.

இந்த இடைவெளி வராமல் வெட்ட முடியுமா? முடியும். அந்த வழி இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஏற்கனவே தெரியும். கவ்வாத்து வெட்டுகிற அண்ணன்மார் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது வேரைத் தொடுகிறீர்களா? கத்தி மழுங்கியிருந்தால் கங்காணி ஏன் சத்தம் போடுகிறார்? வாது பிளந்தால் அழுகும், தளிர் வராது என்பதற்காகத்தானே. டர்பன்டைனும் அப்படித்தான். அடியில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் தளிர்க்கிற மரம் அது. தளிர்த்துவிட்டால் பழைய வேர் சாகாது, மண்ணைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு வெட்டு சரியாக விழவேண்டும். தரையிலிருந்து நாலு, ஆறு அங்குல உயரத்தில், மழைத்தண்ணீர் தேங்காமல் வழிகிற மாதிரிச் சாய்வாக, பட்டை உரியாமல் வெட்டவேண்டும். கழித்த கிளைகளை அடிக்கட்டை மேல் குவித்து நெருப்பு வைக்கக் கூடாது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் போனதும், ஒரு கட்டையில் பத்துத் தளிர் நின்றால் நல்லதாக ஒன்றோ இரண்டோ விட்டு மீதியைக் கழிக்கவேண்டும். விறகுக்கு என்றால் ஏழு முதல் பத்து வருஷத்தில் அடுத்த வெட்டுக்கு வந்துவிடும்.

இதை நீங்கள் நம்பிவிடுவதற்கு முன்னால் இதிலுள்ள ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். நம் மலையில் நிற்பது இளமரம் இல்லை. சில மரங்களை இரண்டு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அவ்வளவு முற்றிய மரத்தின் அடிக்கட்டை எல்லாமே தளிர்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தளிர்க்காத இடத்தில் அதே மழைக்குக் கன்று வைக்கவேண்டும், வைத்ததை எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும். அதனால், தளிர்த்துவிடும் என்பதை மட்டும் நம்பி ஏழு ஏக்கரையும் ஒரே வருஷத்தில் சாய்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.

"அப்படியானா பெரிய மரத்த மட்டும் பொறுக்கி வெட்டச் சொல்லலாமே" என்று கேட்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மற்ற இடத்தில் அது நல்ல வழியாகவும் இருக்கலாம். ஆனால் நம் மரங்கள் நெருக்கமாக நின்று, ஒன்றுக்கொன்று காற்றை மறைத்து, வெளிச்சத்துக்காக மேலே ஓடி வளர்ந்தவை. உயரம் இருக்கிறது, அடியில் பிடிப்பு இல்லை. இடையிடையே பெரியதை எடுத்துவிட்டால், வைகாசியில் தென்மேல் காற்று ஆரம்பித்ததும் மீதி மரங்கள் ஆட்டம் கண்டுவிடும். எந்தப் பக்கம் விழும்? பள்ளத்துப் பக்கம், நம் தகரத்து மேல். இன்னொன்றும் இருக்கிறது. பொறுக்கி வெட்டுவது என்றால் யார் பொறுக்குவது? மரக்காலைக்காரர் பொறுக்கினால் நேரான, காசு தருகிற மரமெல்லாம் போகும், கோணலும் சொத்தையும் நமக்கு மேலே நிற்கும்.

நான் கேட்கச் சொல்வது பட்டை பட்டையாக வெட்டுகிற முறை. மலையைக் குறுக்காக, கான் ஓடுகிற மாதிரி, நாலு பட்டையாகப் பிரிக்கவேண்டும். முதல் வருஷம் உச்சியிலுள்ள பட்டை. அது தளிர்த்து, கன்றும் பிடித்து, ஆள் உயரம் வந்த பிறகு அடுத்தது. ஆகக் கடைசியாக லயத்தை ஒட்டிய பட்டை. அதை வெட்டும்போது, வீட்டு மேல் விழக்கூடிய மரங்களை மட்டும் கயிறு கட்டி, பகலில், ஆட்களை வெளியேற்றிவிட்டுச் சாய்க்கவேண்டும். மூத்தவர்கள் சொன்ன காற்றுப் பயம் அந்த முன்வரிசை மரங்களைப் பற்றியதுதான். கிளை ஒடிந்து தொங்குகிற, சாய்ந்து நிற்கிற அந்தப் பதினைந்து இருபது மரங்களுக்கு மட்டும் காத்திருக்காமல் இந்தத் தையிலேயே வழி செய்யச் சொல்வோம்.

கம்பனிக்கு இதில் செலவு கூடும். மெஷினை நாலு தடவை கொண்டுவரவேண்டும், லொறி நாலு தடவை வரவேண்டும். கொந்தராத்துக்காரர் ஒரே தடவையில் வெட்டுவதற்குக் கொடுக்கிற விலையைத் தரமாட்டார். இதை மறைத்துப் பேசினால் துரை முதல் வாயிலேயே நம்மை மடக்கிவிடுவார். ஆகவே நாமே முந்திச் சொல்வோம்: விலை குறையும், ஆனால் விறகு ஒவ்வொரு தடவையும் ஸ்டோருக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும், பத்து வருஷம் வெறும் மலையாகக் கிடக்காது.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் அதிகம் யோசித்தேன். டர்பன்டைன் தண்ணீரைக் குடித்துவிடும் என்று நம் பாட்டிமார் சொல்வதை நான் வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஆன பிறகு கப்பலேறிப் போன நம் சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் நீலகிரியில் டான்டீ தோட்டங்களில் வேலை செய்தார்கள். அந்த நீலகிரியில், ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள கிளென்மார்கனில், புல்வெளியில் இதே இனத்து மரத்தை – அங்கே தைலமரம் என்பார்கள் – நட்டு, ஓடைத் தண்ணீரை வருஷக்கணக்கில் அளந்து பார்த்திருக்கிறார்கள். முதல் பத்து வருஷத்தில் ஓடைக்கு வருகிற தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டித் தளிர்க்க விட்ட இரண்டாம் சுற்றில் 25 சதவீதம் குறைந்தது. அங்கே புல்வெளி, இங்கே வேறு நிலம், அந்த எண்ணை அப்படியே இங்கே ஒட்டிவிட முடியாது. ஆனால் தளிர்த்து வருகிற இளமரம் தாகம் கூடியது என்பது தெரிகிறது.

ஆகவே மண்ணுக்கு நல்லதான வழி தண்ணீருக்கு நல்லதில்லை. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. சரிவுக்குத் தளிர்க்க விடுவோம். ஊற்றைச் சுற்றி வேறு மாதிரி. ஊற்றுக்கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு இருபது மீற்றர் அளவுக்கு டர்பன்டைனைத் திரும்ப வர விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, நாவல், சப்பு மாதிரி மரங்களை வைக்கச் சொல்லலாம். அந்த இடத்தில் மெஷின் இறங்கக் கூடாது, மரத்தை இழுக்கவும் கூடாது. பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு நாற்று மேடை போட்டுத் தருவது என் பொறுப்பு. பிள்ளைகளுக்கும் இது விஞ்ஞானப் பாடம்தான்.

இழுப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. வெட்டுவதைவிட இழுப்பதுதான் மலையைக் கெடுக்கிறது. மேலிருந்து கீழே நேராக உருட்டி இழுத்தால், அந்தத் தடம் அடுத்த மழைக்கே கானாகிவிடும். தண்ணீருக்கு வழி காட்டிவிட்டால் அது மறக்காது. குறுக்குத் தடம் போட்டு இழுக்கச் சொல்லவேண்டும், வேலை முடிந்ததும் தடத்தில் அங்கங்கே குறுக்குக் கான் வெட்டி அடைக்கவேண்டும். கான் வெட்டுவதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழித்த கிளைகளில் ஒரு பாதியைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டுவிட்டு மறுபாதியை லயத்துக் குடும்பங்களுக்கு விடவேண்டும். முழுவதையும் நாமே தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் மண்ணுக்கு மேலே ஒன்றும் மிஞ்சாது. அக்காமார் முகத்தைச் சுளிக்கிறீர்கள். எனக்கும் விறகு அடுப்புதான்.

தை, மாசி, பங்குனியில் வெட்டுவது நல்லதுதான். நிலம் காய்ந்திருக்கும், சித்திரை மழைக்குத் தளிர் வரும். அதில் ஆபிசோடு நமக்குச் சண்டை இல்லை. பங்குனிக்குப் பிறகு ஒரு மரமும் சாயக் கூடாது என்று எழுத்தில் வாங்கினால் போதும்.

சிறுத்தையைப் பற்றி மேட்டு லயத்துத் தம்பி நினைவூட்டினார். உண்மைதான். நம் பக்கத்துச் சிறுத்தைகள் இந்த மாதிரி விறகுக் காடுகளிலும் ஓடையோரத்துப் பற்றைகளிலும்தான் பகலில் படுத்துக் கிடக்கின்றன. ஏழு ஏக்கரையும் ஒரே மாதத்தில் மொட்டையாக்கினால் அது எங்கே போகும்? தேயிலைக்குள்தான். கொழுந்து பறிக்கிற பெண்கள்தான் முதலில் அதன் முன்னால் நிற்பார்கள். பட்டை பட்டையாக வெட்டினால் அதற்கும் ஒதுங்க இடம் இருக்கும்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த டிக்கோயா மலைகளைக் கோப்பிக்காகத் திறந்தபோது எப்படி வெட்டினார்கள் தெரியுமா? அடிவாரத்திலிருந்து மேலே போய்க்கொண்டே எல்லா மரத்தையும் பாதி பாதி வெட்டி வைப்பார்கள். கடைசியில் உச்சியில் உள்ளவற்றை முழுதாக வெட்டித் தள்ளினால், அது கீழுள்ளதன் மேல் விழுந்து, அது அடுத்ததன் மேல் விழுந்து, மலை முழுக்க ஒரே இடியாகச் சாயும். வெட்டியவர்களில் பெரும்பாலோர் சிங்களக் கிராமத்து ஆட்கள். எரித்த பிறகு குழி தோண்டிக் கன்று வைத்தது நம் முன்னோர். 1873இல் லண்டன் கியூ பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே காட்டை வெட்டவேண்டாம் என்று இலங்கை அரசாங்கத்துக்குச் சொன்னார். நாம் இருப்பது நாலாயிரம் அடி சொச்சத்தில். ஹூக்கர் துரையின் கோடு நமக்கு மேலே போய்விட்டது. மேல் மண் போன போக்கைத் தெரிந்துகொள்ள மழை நாளில் காசல்ரியில் வந்து விழுகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் போதும்.

இனி, சொந்தமாக மரம் வைத்திருப்பவர்களுக்கு. மரக்கறித் தோட்டத்து வேலியில் பத்து இருபது சவுக்கு நட்டிருக்கிற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. போன மாதம் ஒரு அண்ணன் மரத்தை நின்றபடியே விலை பேசி விற்றுவிட்டு என்னிடம் வந்து கணக்குக் கேட்டார். விற்பதற்கு முன்னால் வந்திருக்கலாம் அண்ணே என்றேன். சவுக்கு டர்பன்டைன் இல்லை. அடியில் வெட்டினால் தளிர்க்கும் என்று நம்ப முடியாது. கொப்பு கழித்தால் தாங்கும், திரும்பத் திரும்ப விறகு தரும். அடியோடு வெட்டுவது என்றால், முன்னால் ஒரு வருஷம் பக்கத்தில் கன்று வைத்துவிட்டு வெட்டுங்கள்.

அளப்பது இலேசு. ஒரு நூல் போதும். கட்டையின் நடுவில் நூலைச் சுற்றி எடுத்து நாலாக மடியுங்கள். சுற்றளவு நாலு அடி என்றால் மடித்தது ஒரு அடி. ஒன்றை ஒன்றால் பெருக்கி, நீளம் 20 அடி என்றால் 20 கன அடி. வியாபாரி இந்தக் கணக்கைத்தான் போடுவார். உண்மையில் அந்தக் கட்டைக்குள் 25 கன அடிக்கு மேல் இருக்கிறது. பலகையாக அறுக்கும்போது போகிற சேதாரத்துக்கு என்று அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே கழித்துவிட்ட கணக்கு இது. ஆகவே இதற்கு மேல் இன்னும் சேதாரம் கழிக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். நூலை இறுக்கிப் பிடித்து நாலு அடியை மூன்றரை என்று சொன்னாலும் கவனியுங்கள். அரை அடிதானே என்று விட்டால், 20 கன அடி 15 சொச்சமாகிவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள். பலா, ஈரப்பலா என்றால் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி வெட்டவே அனுமதி வேண்டும். எந்த மரமானாலும் லொறியில் ஏற்றுவதற்கு முன்னால் கிராம சேவகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்ப நம் மலைக்கு வருகிறேன். வெட்டப் போவது யார்? வெளியிலிருந்து வருகிற கொந்தராத்து ஆட்கள் என்றாலும், கட்டை சுமக்கவும் கிளை கழிக்கவும் நம் பையன்களைத்தான் கூப்பிடுவார்கள். கைக்காசு, அன்றன்றைக்குக் காசு என்று பையன்களும் போவார்கள். தலையில் தொப்பி இல்லை, காலில் சப்பாத்து இல்லை. கை போனாலும் கால் போனாலும் செக்ரோலில் பேர் இல்லாதவனுக்கு எதைக் காட்டி நட்டஈடு கேட்பது? 1934ஆம் ஆண்டிலிருந்து தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. வேலை செய்தான் என்று காட்டத் துண்டுக் கடதாசி இல்லாமல் அதை வைத்து வழக்காடுவது எவ்வளவு கஷ்டம் என்று சங்கத்தில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். ஆகவே பேர் பதிந்து, சேமலாப நிதி கட்டி, தலைக்கும் காலுக்கும் பாதுகாப்புக் கொடுத்தால் நம் பையன்கள் போவார்கள். கொடுக்காவிட்டால் போகமாட்டார்கள் என்று பெற்றோர்கள் இன்றைக்கே முடிவெடுங்கள்.

மீரியபெத்தையை இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். 2014 ஒக்டோபர் 29, காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம். அங்கே மரம் வெட்டியதால் மலை சரிந்தது என்று நான் சொல்லவரவில்லை. அங்கே ஆபத்து இருக்கிறது, ஆட்களை மாற்றவேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பல வருஷங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கைக் கடிதம் லயத்து ஆட்களின் கைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை என்பதுதான் என் மனதில் நிற்கிறது. அதே நிறுவனத்துக்கு நுவரெலியா மாவட்டத்தில் அலுவலகம் இருக்கிறது. வெட்டுவதற்கு முன்னால் அவர்கள் வந்து நம் சரிவைப் பார்த்து, எழுத்தில் அறிக்கை தரவேண்டும், அறிக்கையின் ஒரு பிரதி தமிழில் சங்கத்துக்கு வரவேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை. கம்பனி கூப்பிடாவிட்டால் பிரதேச செயலகம் வழியாக நாமே கேட்போம். 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டத்தையும் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

கடிதத்தின் நகல் தலைவரிடம் இருக்கிறது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மாதர் சங்கத் தலைவி அக்கா லயம் லயமாக வந்து வாசித்துக் காட்டுவார். அதில் ஒரு வசனம் பிடிக்காவிட்டாலும் சொல்லுங்கள், மாற்றுவோம். டெண்டர் முடிந்து கொந்தராத்துக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகு, எப்படி வெட்டுவது என்று நாம் கேட்பதில் பலனில்லை. அவருக்குக் கொடுக்கிற ஒப்பந்தக் கடதாசியிலேயே பட்டை முறையும், கட்டை உயரமும், ஊற்றுப் பக்கமும், பங்குனிக் கெடுவும் எழுதியிருக்கவேண்டும். அதனால் கடிதம் வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஆபிசுக்குப் போய்விடவேண்டும். மரம் முழுதும் இருக்கட்டும் என்று இன்னும் நினைக்கிற தம்பிமார் தங்கள் கருத்தையும் சேர்த்து எழுதித் தரலாம். கமிட்டி அதையும் மறைக்காது.

அடுத்த ஞாயிறு காலை எட்டரைக்குப் பீலியடியில் கூடுவோம். கவ்வாத்து அண்ணன்மார் நாலு பேர், மேட்டு லயத்திலிருந்து வீட்டுக்கு ஒருவர், பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் போதும். மலையை முழுதாக நடந்து, ஊற்று எங்கே, வெடிப்பு எங்கே, சாய்ந்த மரம் எத்தனை என்று குறித்துக்கொள்ளவேண்டும். நூலும் கொப்பியும் நான் கொண்டுவருகிறேன். சுண்ணாம்பு யாராவது ஒருவர் கொண்டுவாருங்கள். அட்டை கடிக்கும், உப்புத் துணியை மறந்துவிடாதீர்கள்.